எமனின் எருமைக்குத் திமில் கிடையாது

என் அக்கா மகள் தாயிக்கு,

நான் இப்போது எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப் போவதில்லை. இதை அழகர்மலை இருக்கும் திசை பார்த்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, முழு மனதோடு உறுதி கூறுகிறேன். நம்பாதவர்களில் முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். “மாமா, அரைவாசியக் கழிச்சுட்டுச் சொல்லுங்க” என்பாய். கழிக்க மாட்டேன். நீ இல்லாத ஊரில் கழித்து யாருக்குக் காட்டுவது?

இன்று காலை பரவைச் சந்தைக்குப் போயிருந்தேன். பழக்கடை ஓரத்தில் ஒரு கூடை நிறைய அளிந்த பழங்களை ஒதுக்கி வைத்திருந்தான் கடைக்காரன். வாழையும் கொய்யாவும் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிக் கிடந்தன. வெயில் ஏற ஏற அந்த இனித்த, கொஞ்சம் கெட்ட வாசம் எழுந்து தெருவை அடைத்தது. வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். நான் மட்டும் நின்றேன். உள்ளங்கையைக் குவித்து வாய்க்கு நேரே வைத்து ஒரு ஊது ஊதி, அதை முகர்ந்து பார்த்தேன். வெற்றிலை வாசம்தான் இருந்தது.

கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“என்னண்ணே, பல்லு வலியா?”

“இல்லப்பா. உசுரோட இருக்கேனான்னு பார்த்தேன்.”

“இருக்கியளா?”

“இருக்கேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாவே இருக்கேன்.”

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை மதுரைக்கு நர்சுப் படிப்புக்கு அனுப்பிய பெருமை முழுவதும் எனக்கே உரியது என்பதை முதலில் பதிவு செய்கிறேன். உன் அப்பா முடியாது என்றார். பொம்பளைப் பிள்ளை ஊரார் எச்சிலையும் மூத்திரத்தையும் அள்ளவா எட்டாவது வரை படித்தாள் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நர்சைப் பெற்ற தகப்பன் எதிரே வந்தால் கலெக்டரே குதிரையை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு இருக்கிறது என்றேன். அவர் அதில் பாதியைத்தான் நம்பினார். பாதி போதுமானதாக இருந்தது.

முதல் லீவுக்கு நீ வந்தபோது ஊரே உன் வெள்ளைத் தொப்பியைப் பார்க்க வந்தது. நீ தொப்பியைக் கொண்டுவரவில்லை. ஒரு கேள்வியைக் கொண்டுவந்தாய். உங்கள் பெரிய நர்சம்மா வகுப்பில் சொல்லும் வார்த்தை என்று சொன்னாய்: “நோய்க்குப் பேரு வைக்கிறது டாக்டர் வேலை. அது எந்த வழியா வந்துச்சுன்னு தெரிஞ்சு வச்சுக்கிறது நம்ம வேலை.” அன்று முதல் நம் ஊரில் யாரும் நிம்மதியாகத் தும்ம முடியவில்லை. தும்மினால் வழி கேட்பாய்.

மேலத்தெரு அத்தைக்குக் கால் வீங்கிக் கிடந்தது. எதையோ மிதித்துவிட்டாள் என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ போய் அந்த வீக்கத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினாய். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது, ஈர மண்ணில் பதிந்த குளம்புத் தடம் மாதிரி. வீட்டுக்கு வரும் வழியில் நம் கிணற்றில் கமலை ஓடிக்கொண்டிருந்தது. காளைகள் பின்னுக்கு நடப்பதும் முன்னுக்கு இழுப்பதும், தோல் சால் நிறைந்து மேலே வந்து கவிழ்வதும். நீ அங்கேயே நின்றுவிட்டாய்.

“நெஞ்சுக்குள்ள இந்த மாதிரி ரெண்டு கமலை பக்கத்துப் பக்கத்துல ஓடுது மாமா. ஒண்ணு நுரையீரலுக்கு இறைக்குது, ஒண்ணு உடம்பு பூராவுக்கும் இறைக்குது. மாடு சோந்து போச்சுன்னா என்ன ஆகும்?”

“மாட்ட மாத்தணும்.”

“அது முடியாது. வந்த தண்ணி இறைபடாமத் தேங்கும். தேங்குன தண்ணி பள்ளத்துக்குத்தானே போகும்? அதேன் அத்தைக்குக் காலு வீங்குது. நோவு கால்ல இல்ல, நெஞ்சுல.”

நான் என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு ஜோடிக் காளைகள். எனக்கு அப்போதே ஒரு அந்தஸ்து வந்துவிட்டது. மறுநாளே, என் நெஞ்சில் ஓடுவது சாதாரணக் காளை இல்லை, காங்கேயம் காளை என்று சாவடியில் அறிவித்தேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்த கதையையும் மறக்கவில்லை. மாப்பிள்ளைப் பையன் பலகாரத்தில் கை வைக்கும் நேரம், நீ நேரே போய் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாய். “ரத்தம் பத்தல. கீரையும் ஈரலும் சாப்பிடணும். வெறுங்காலோட கொல்லைக்குப் போவீகளா? கொக்கிப்புழு ஏறியிருக்கும்” என்றாய். பையனின் அம்மா எழுந்துவிட்டாள். அவர்கள் வந்த வண்டி போன வேகத்தில் நம் தெருப் புழுதி திண்டுக்கல் வரை போய் இறங்கியது. ஆனால் அந்தப் பையன் பிற்பாடு உன் ஆசுபத்திரிக்கே வந்து மருந்து வாங்கிக் குடித்துக் குண்டானான். இன்றும் என்னை எங்கே பார்த்தாலும் கும்பிடுகிறான்.

இப்படி ஊரையே பாடமாக்கிய நீ, என்னை மட்டும் கவனிக்கவில்லை. தப்பு உன்மேல் இல்லை. நான் கண்ணில் நிற்கிற ஆளா?

அந்த வருஷம் ஆடியில் எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சும்மா தாகம் இல்லை. குடத்தைத் தூக்கினால் கவிழ்த்துத்தான் வைப்பேன். நம் ஊர்க் கண்மாய் அந்த வருஷம் வற்றியதற்கு மழை இல்லாதது காரணம் என்று எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். காரணம் நான். குடித்த தண்ணீரெல்லாம் உடனே வெளியேறவும் செய்தது. நான் ஒதுங்கிய இடத்தில் எல்லாம் எறும்புகள் திருவிழாக் கூட்டம் போல வந்தன. என் மனசு நல்ல மனசு, அதனால்தான் உடம்பில் இனிப்பு ஊறுகிறது என்று விளக்கம் சொன்னேன். தின்றது தின்றபடி இருக்க, உடம்பு மட்டும் இளைத்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. இளமை திரும்புகிறது, வருகிற தைக்கு அலங்காநல்லூரில் மாடு பிடிக்கப் போகிறேன் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

அந்தத் தையும் வந்தது. நீயும் பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய்.

அதற்கு முந்தின வருஷம் நம் ஊர் எடுத்த சத்தியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கள்ளுக்கடைச் சண்டையில் மண்டை உடைந்து, ஊர் கூடி, கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி அணைத்து, இனி ஊருக்குள் ஒருத்தன் குடிக்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். மீறினவனைச் சாவடியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, பானகம் புகட்டித் தெளிய வைப்பது. தெளிந்ததும் எல்லோர் முன்னாலும் கோயிலைப் பார்த்து விழுந்து கும்பிடுவது. அந்த வீட்டு மாடு அந்த வருஷம் வாடிவாசலுக்குப் போகக்கூடாது. இது ஊர் வழக்கமாகிவிட்டது.

ஜல்லிக்கட்டு நாள் காலை. நம் ஊர் மாட்டுக்குக் கொம்பு சீவி, கழுத்தில் துண்டு கட்டி, எல்லோரும் அலங்காநல்லூர் புறப்படச் சாவடி முன்னால் கூடியிருந்தார்கள். நான் அதற்கு முந்தின நாளிலிருந்தே வயிற்று வலியும் வாந்தியுமாக இருந்தேன். சொல்லவில்லை. மாடு பிடிக்கப் போகிறவனுக்கு வயிற்று வலி என்றால் பயம் என்று சொல்வார்கள். புது வேட்டி கட்டி, மீசையை முறுக்கிக்கொண்டு, சாவடிப் படியில் ஏறினேன். ஏறினது நினைவிருக்கிறது. பிறகு வானம் கீழே வந்தது.

கண்ணைத் திறந்தால் அம்பலகாரர் முகம். ஊருக்குப் பெரியவர், சத்தியத்தை முன்னின்று எடுக்க வைத்தவர். குனிந்தவர் சட்டென்று மூக்கைச் சுளித்தார்.

“என்ன தம்பி, பண்டிகைக்கு ஒரு கலயம் உள்ள எறக்கியாச்சாக்கும்.”

“அண்ணே, ஒரு சொட்டுத் தொடல.”

“இம்புட்டு வாசம் அடிக்குது. தொடலையாம்ல.”

“சத்தியமாண்ணே.”

கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான்: “போன வாரம் வைகை ஆத்த ஒரே தாவுல தாண்டுனேன்னு சொன்னப்பவும் இதே சத்தியந்தேன் பண்ணுனாரு.”

சாவடி சிரித்தது. தாயி, அதுவரை என் வார்த்தைக்கு ஊர் சிரித்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். அன்று முதன்முறையாக அந்தச் சிரிப்பு சுட்டது. வாழ்நாள் முழுக்கப் பொய்யை வாரி இறைத்தவனுக்கு, அவசரத்துக்கு ஒரு உண்மை கைவசம் இருந்தும் அது செல்லவில்லை. மூச்சு மட்டும் என் பேச்சைக் கேட்காமல், ஓடி வந்தவன் மூச்சு போல ஆழமாகவும் வேகமாகவும் போய் வந்துகொண்டிருந்தது.

தலையில் ஒரு குடம் ஊற்றினார்கள். என் அக்கா, அதாவது உன் ஆத்தா, வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, செம்பு நிறையப் பானகம் கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“குடி தம்பி. குடிச்சுட்டுத் தெளிஞ்சு எந்திரி. நாலு பேரு பார்க்குறாக.”

செம்பு உதட்டில் பட்ட நேரம்தான் நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாய். கையில் கரும்புச் சோகை கிழித்த கீறல். தலைமயிர் பாதி முடிந்தபடி.

“ஆத்தா, அதக் கீழ வையி.”

“எதுக்குடி? தெளிய வேணாமா?”

“வெல்லமா கரைச்சிருக்க?”

“வெல்லந்தேன். கட்டி நல்லாப் பெருசாப் போட்டேன்.”

நீ செம்பைப் பிடுங்கித் தரையில் கொட்டினாய். பொங்கல் நாளில் பானகத்தை மண்ணில் கொட்டுகிறவளை நம் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு நீ செய்ததை நான் தரையிலிருந்து பார்த்தேன். என் முகத்துக்கு மிக அருகே குனிந்தாய். என் வாய்க்கு நேரே உன் மூக்கை வைத்து, கண்ணை மூடி, மெதுவாக முகர்ந்தாய். சாவடியில் சலசலப்பு. நாக்கை நீட்டச் சொன்னாய். என் முன்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டாய். அது கீழே இறங்காமல் கூடாரம் போட்ட மாதிரி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“மாமா, தாகம் எப்பலருந்து?”

“ஆடியிலருந்து தாயி. ஒரு கண்மாயவே குடிச்சிருப்பேன்.”

மறுபடி சாவடி சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

“எறும்பு வருதா?”

“திருவிழா மாதிரி வருது.”

நீ எழுந்து நின்றாய். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாய். பிறகு சொன்னாய்:

“எங்க மாமா பொய் சொல்லல.”

அம்பலகாரர் அமைதியாகத்தான் கேட்டார். “வாசம் அடிக்குதே தாயி. எங்க மூக்கு என்ன கெட்டா போச்சு?”

“கள்ளு வாசம் புளிச்ச வாசம் ஐயா. இது அளிஞ்ச பழ வாசம்.”

“கள்ளு வாசம் ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆசுபத்திரிக்கு மண்டை ஒடைஞ்சு வாரவுக பாதிப்பேரு அதோடதேன் வாராக. ஒங்களையும் பார்த்த ஞாபகம்.”

குரலுக்குரியவர் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். நீ விடவில்லை.

“குடிச்சவனுக்கு எச்சி ஒழுகும். இவரு நாக்கத் தொட்டுப் பாருங்க, காஞ்ச செருப்புத் தோலு. குடிச்சவன் கொறட்டை விடுவான். இவரு மூச்சப் பாருங்க. உள்ள ஏதோ எரியுது, அதோட கரியத்தான் மூச்சு வெளிய தள்ளிக்கிட்டிருக்கு.”

“என்ன எரியுது?”

அப்போதுதான் நீ அந்தக் குதிர்க் கதையைச் சொன்னாய். அதை நான் பிறகு ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். உன் வாயால் கேட்ட மாதிரி ஒரு தடவையும் வரவில்லை.

“களத்துல நெல்லு மலையாட்டம் குவிஞ்சு கெடக்கு. வீட்டுக் குதிரு காலி. ஆனா குதிருக்குத் தெறவுகோல் தொலைஞ்சு போச்சு. நெல்லு உள்ள போகமாட்டேங்குது. வெளிய மழையில நனைஞ்சு வாய்க்கால்ல ஓடுது, போறப்ப தண்ணியையும் இழுத்துக்கிட்டுப் போகுது. அதேன் தாகம், அதேன் எறும்பு. வீட்டுக்குள்ள இருக்கவுக பசி தாங்காம என்ன பண்ணுவாக? கூரைய, கதவ, உத்தரத்தப் பிச்சு அடுப்புல வைப்பாக. அந்தப் புகைதேன் இந்த வாசம். இவரு ஒடம்பு இவரையே எரிச்சுக்கிட்டிருக்கு. இதுல இன்னுங்கொஞ்சம் வெல்லத்த ஊத்துனா களத்துல நெல்லுதான் கூடும்.”

மாடு ஒன்று மணியை அசைத்தது. அம்பலகாரர் மேல்துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

“தாயி, நீ படிச்ச பிள்ளை. ஆனா இது சாமிக்கு முன்னால எடுத்த சத்தியம். நான் விட்டுட்டேன்னா நாளைக்கு ஒவ்வொருத்தனும் பழ வாசம்பான். இவரு குடிச்சிருந்தா?”

“குடிச்சிருந்தா நான் இனிமே அந்த ஆசுபத்திரி வாசல மிதிக்கல. படிப்ப விட்டுட்டு வந்து நீங்க சொல்ற எடத்துல கழுத்த நீட்டுறேன். ஆனா இப்ப வண்டி வேணும். இங்க ஒக்காந்து தெளிய வச்சீங்கன்னா பொழுது சாயுறதுக்குள்ள மூச்சு நின்னுரும்.”

உன் அப்பா அங்கேதான் தூணில் சாய்ந்து நின்றார். உன் படிப்பை நிறுத்த அவர் தேடிக்கொண்டிருந்த காரணம் அவர் காலடியில் வந்து விழுந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். பிறகு போய் மாட்டை அவிழ்த்தார். பந்தயத்துக்கு என்று நிறுத்தியிருந்த அம்பலகாரரின் ரேக்ளா வண்டியில் மாட்டைப் பூட்ட நுகத்தடியைத் தூக்கிப் பிடித்ததும் உன் அப்பாதான்.

அந்தப் பயணத்தைப் பற்றி என்ன சொல்ல. ரேக்ளா தரையில் ஓடவில்லை. பனைமரத்து உச்சி என் காலில் உரசியது. பறவைகள் வழிவிட்டு ஒதுங்கி நின்றன. எதிரே ஜல்லிக்கட்டுக்குத் துள்ளி வந்த காளை ஒன்று, என் நிலைமையைப் பார்த்து முன்னங்காலை மடக்கி வணங்கிவிட்டுப் போனது. நீ என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, உப்புப் போட்ட தண்ணீரை உத்தரணியில் எடுத்து எடுத்து வாயில் விட்டுக்கொண்டே வந்தாய். உன் இன்னொரு கை என் மணிக்கட்டில் இருந்தது. மணிக்கட்டில் வைத்த அந்த விரல்களை எடுக்கவே இல்லை.

கோரிப்பாளையத்தில் மாடுகள் நுரை தள்ளி நின்றுவிட்டன. தர்காவுக்குப் பக்கத்தில் ஜட்கா நிறுத்தி வைத்திருந்த ஒரு பாய், சவாரிக்கு ஏறியிருந்த ஆளையே இறக்கிவிட்டார்.

“ஏறும்மா, ஏறு. அல்லா இருக்கான்.”

“பாய், குலுங்காமப் போகணும். ஆனா சீக்கிரம் போகணும்.”

“ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா.”

“சீக்கிரம்.”

ஆற்றுப் பாலத்தில் குதிரை போன போக்கில் பாலம் கொஞ்சம் வளைந்துவிட்டது. இன்றும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

ஆசுபத்திரியில் டாக்டரம்மா வந்து “என்ன கேஸ்?” என்று கேட்டார்கள். கிராமத்துச் சேலையும் வெல்லக் கறையுமாக நின்ற நீ நோயின் பேரைச் சொல்லவில்லை. வழியைச் சொன்னாய். எங்கே ஆரம்பித்தது, என்ன தொலைந்தது, எது எதை இழுத்துக்கொண்டு போனது, இப்போது எங்கே நிற்கிறது என்று வரிசையாகச் சொன்னாய். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே கையைக் கழுவினார்கள். என் சிறுநீரில் சில சொட்டை நீல மருந்தில் விட்டு விளக்கில் காய்ச்சினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் படிந்தது; அவ்வளவு சர்க்கரை. ஊசியை எடுத்தார்கள். அப்புறம் ரத்தக் குழாயில் உப்பு நீர்.

அப்போதுதான் எமன் வந்தான். நேரில் வந்தான், அதிகாரிகளை அனுப்பவில்லை. நான் எழுந்து மரியாதையாக, “ஐயா, இன்று எனக்கு வேறு ஜல்லிக்கட்டு இருந்தது, தவறிவிட்டது, உங்கள் எருமையை அவிழ்த்துவிடுங்கள், பார்ப்போம்” என்றேன். அவிழ்த்துவிட்டான். பாய்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, எருமைக்குத் திமில் கிடையாது. பிடிக்க ஒன்றும் இல்லை. முதுகு எண்ணெய் தடவினது போல வழுக்குகிறது. கீழே விழப்போன நேரத்தில் மணிக்கட்டில் ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தால் உன் விரல்கள். அதைப் பிடித்துக்கொண்டேன். எமன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இந்த ஆள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வருவது பெரும்பாடு என்று எருமையை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

கண் விழித்ததும் இதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். நீ டாக்டரம்மாவிடம் திரும்பி, “புத்தி தெளிஞ்சிருச்சும்மா. பொய் வருது” என்றாய். பிறகு வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

உயிர் போகாத பிறகுதான் தெரிந்தது, அது தினமும் ஊசி முனையில் இருக்கிறது என்று. மாடு பிடிக்கிறவன் என்று பேர் வாங்கிய நான், அந்தச் சின்ன ஊசியைக் கண்டு கட்டிலுக்கு அடியில் போனேன். நீ ஒரு நார்த்தங்காயைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாய். “இதுக்குக் குத்திப் பழகுங்க. இது கத்தாது, நீங்கதான் கத்துவீங்க.” கூடை கூடையாய்க் குத்தினேன். அந்த மாதம் நம் வீட்டில் நார்த்தங்காய் ஊறுகாய் தவிர வேறு ஊறுகாய் கிடையாது.

இந்த மருந்து எதிலிருந்து வருகிறது என்று ஒருநாள் கேட்டேன். நீ கொஞ்சம் தயங்கினாய். எங்கோ கடலுக்கு அப்பால், மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு உறுப்பிலிருந்து எடுக்கிறார்கள் என்றாய். அடுத்த மாட்டுப் பொங்கலுக்குத் தொழுவத்தில் எல்லோரும் மாலை போட்ட பிறகு, ஆள் இல்லாத நேரம் பார்த்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தேன். இதுவரை இதைப் பெரிதாக்கி யாரிடமும் சொன்னதில்லை. இனியும் சொல்வதாக இல்லை.

உன் வாய்மொழிப் பரீட்சையில் நீரிழிவைத்தான் கேட்டார்களாம். நீ அந்தக் குதிர், தெறவுகோல் கதையையே சொன்னாயாம். பரீட்சை வைக்க வந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்களாம். நான் ஊரில் சொன்னது: சென்னையிலிருந்து கவர்னர் துரை ரயில் ஏறி வந்து, உன் கையைப் பிடித்துக் குலுக்கி, “இந்தக் குதிர் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். உன் அப்பா இதையும் பாதி நம்பினார். அதன் பிறகு சந்தைக்குப் போகும்போதெல்லாம், எதிரே குதிரை வந்தால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார், யாராவது இறங்குகிறார்களா என்று.

நம் சாவடி இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. வழக்கம் மாறிவிட்டது. எவனாவது விழுந்து கிடந்தால் தண்ணீரும் பானகமும் உடனே வராது. முதலில் அம்பலகாரர் வருவார். வயசாகிவிட்டது, குனிய முடியவில்லை, ரெண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள். குனிந்து, கண்ணை மூடி, நீ செய்த மாதிரியே மெதுவாக முகருவார். முன்கைத் தோலைக் கிள்ளுவார். நாக்கைப் பார்ப்பார். பிறகு தீர்ப்புச் சொல்வதுபோல நிமிர்ந்து, “கள்ளுதேன். ஊத்துங்கடா” என்பார். போன பங்குனியில் ஒரு நாள் நிமிர்ந்தவர் அப்படிச் சொல்லவில்லை. “வண்டியப் பூட்டுங்க” என்றார். விழுந்து கிடந்தது கீழத்தெருப் பெண்பிள்ளை ஒருத்தியின் புருஷன். இன்று அவன் என்னோடு உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்கிறான். நார்த்தங்காய் நான்தான் கொடுத்தேன்.

யுத்தம் வந்தது. பட்டாள ஆசுபத்திரிக்கு நர்சு வேண்டும் என்றார்கள், நீ பேர் கொடுத்தாய். ரயிலடியில் உன் ஆத்தா அழுதபோது, “அங்க கெடக்குற ஒவ்வொருத்தரும் யாருக்காச்சும் மாமாதானே ஆத்தா” என்றாய். கிழக்கே எங்கேயோ மழைக் காட்டு ஓரம். காய்ச்சல்காரர்களுக்கு நடுவே நின்றாய், கடைசியில் நீயும் படுத்தாய், எழுந்திருக்கவில்லை. இதை மட்டும் பெரிதாக்கிச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. உன்னோடு இருந்த பெண் பிறகு ஊர் வந்து சொன்னாள்: படுத்த பிறகும் உன் காய்ச்சல் எந்த வழியாகப் போகிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாயாம், அடுத்து வருகிறவருக்கு உதவும் என்று. அதைக் கேட்டு உன் அப்பா எழுந்து நின்றார். வீட்டுக்குள் யாரும் வரவில்லை, குதிரையும் இல்லை, கலெக்டரும் இல்லை. அவராகவே எழுந்து நின்றார்.

சந்தையிலிருந்து வந்து ஊசி போட்டுக்கொண்டேன். மருந்துச் சீசா நீ சொன்னபடி ஈர மணல் பானைக்குள் இருக்கிறது. நீல மருந்தில் சிறுநீர்ச் சொட்டை விட்டுக் காய்ச்சினேன். நீலமாகவே நின்றது, அழகர்மலை தூரத்தில் தெரிகிற மாதிரி. ஜன்னலில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்துக்கொண்டேன். என் நெஞ்சில் இரண்டு ஜோடிக் காங்கேயம் காளைகளும் சோராமல் இறைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட்டுகிறவள் நீ.

சரி. உறுதி கூறியபடி, ஒருத்தரும் நம்பாத கதையைச் சொல்லி முடித்துவிட்டேன். இப்போது உனக்காக அரைவாசியைக் கழிக்கிறேன். கண்மாய் மழையில்லாமல்தான் வற்றியது. ரேக்ளா பறக்கவில்லை. எந்தக் காளையும் என்னை வணங்கவில்லை. ஆற்றுப் பாலம் நேராகத்தான் இருக்கிறது. கவர்னர் வரவில்லை. எமனும் வரவில்லை, எருமையும் வரவில்லை. அந்தக் கதையைக் கண் விழித்ததும் கட்டிலில் படுத்தபடியே கட்டினேன். வைகையையும் நான் தாண்டவில்லை, தண்ணீர் இல்லாத மாதத்தில் நடந்து போனேன்.

இவ்வளவையும் கழித்த பிறகும் ஒரு சின்ன இடம் கழியாமல் நிற்கிறது. ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என் முகத்தருகே குனிந்து முகர்ந்து, நிமிர்ந்து நின்று, “எங்க மாமா பொய் சொல்லல” என்றாள்.

அது நடந்தது, தாயி.